தங்கியிருப்பவர்

என்மேல் விவாகரத்து வழக்குப் போட்ட என் மனைவியே, அந்த வழக்கின் அழைப்பாணையை வந்து வாங்கும்படி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். அவளுக்கும் வேறு வழி இருக்கவில்லை. என் முகவரி என்று அவள் கொடுத்திருந்தது உருத்திரபுரத்தில் இருக்கும் தன்னுடைய வீட்டை. எனக்கு வேறு முகவரி கிடையாது. அழைப்பாணை கொண்டுவரும் நீதிமன்றத்துப் பிஸ்கல்காரர் இரண்டு முறை மோட்டார் சைக்கிளில் வந்து, ஆள் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கு ஒரு கடதாசி வந்திருக்கு."

"ஆர் போட்டது?"

"நான்தான்."

"அப்ப வாயால சொல்லன்."

"வாயால சொன்னா கோர்ட்டு ஏற்காதாம். வெள்ளிக்கிழமை அந்த மனிசன் திரும்ப வருகுதாம். அண்டைக்கு மட்டுமாவது வீட்டில நில்லுங்கோ."

நான் அப்போது புளியங்குளத்துக்கு உட்பக்கமாக ஒரு நெல் வெட்டும் மெசினோடு நின்றேன். மெசினுக்குப் பின்னால் இருந்து சாக்குக்கு வாய் பிடிப்பது என் வேலை. அதற்கு முதல் கிணறு இறைத்தேன், செங்கல் சூளையில் நின்றேன், குழாய்க்கிணறு அடிக்கும் லொறியோடு மன்னார் வரை போனேன். ஒரு வேலையில் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுக்கும் நேரத்தில் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போனேன்.

அவள் கோழி காய்ச்சியிருந்தாள். பிஸ்கல்காரர் வந்து, அடையாள அட்டையைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, கடிதத்தைத் தந்தார். வெயிலில் வந்த மனிதர் என்பதால் அவள் அவரையும் சாப்பிடச் சொன்னாள். மூன்று பேரும் இருந்து சாப்பிட்டோம். அழைப்பாணை மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே இருந்தது.

பிஸ்கல்காரர் இரண்டாவது தரம் சோறு போட்டுக்கொண்டு கேட்டார்: "குறை நினையாதேங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கிறியள்?"

"இருக்கேக்க நல்லாத்தான் இருப்பார்," என்றாள் என் மனைவி. "இருக்கிறதுதான் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் எலும்பைப் பார்த்தேன். அவள் சொன்னதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை.

எங்கள் கலியாணத்தையும் கொஞ்சம் சொல்லவேண்டும். என் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலிருந்து அடிபட்டு இறங்கி வந்து, வவுனியாவில் நெளுக்குளம் பக்கமாகக் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். நான் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். சண்டைக்குள் பள்ளிக்கூடம் மூன்று முறை இடம் மாறியது. நான்காவது முறை அது எங்கே போனதென்று நான் தேடவில்லை. அவளுடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வந்து வயல் செய்தவர்கள். சாதாரண காலம் என்றால் என்னை அவர்கள் வாசலோடு மறித்திருப்பார்கள். நாங்கள் சந்தித்தது சாதாரண காலம் இல்லை. ஒரு தண்ணீர் பவுசருக்கு முன்னால் நின்ற வரிசையில் அவள் எனக்கு முன்னுக்கு நின்றாள். பிறகு ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இரண்டு குடும்பமும் இருந்தது. பிறகு அது ஒரு குடும்பமாகிவிட்டது. மஞ்சள் துண்டை நூலில் கட்டிக் கழுத்தில் கட்டினேன். ஐயரும் இல்லை, பதிவும் இல்லை.

அந்த மாதங்களில் என் இடது காலுக்குள் போன ஷெல்லின் இரும்புத் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முகாமில் ஒரு பிள்ளை பிறந்து காய்ச்சலில் போனது. பிறகு பிறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது அவள் பக்கத்தில் அவளும், என் பக்கத்தில் நானும்தான் மிச்சம்.

ஊர் திரும்பிய பிறகு அவளுக்கு வேலை கிடைத்தது. படையினர் நடத்தும் பண்ணை ஒன்றில் சீருடையோடு செய்யும் வேலை. பச்சைக் காற்சட்டை, தொப்பி, கறுப்புச் சப்பாத்து. கச்சான் கடலை பிடுங்கவும் பப்பாசிக்குத் தண்ணீர் விடவும் சப்பாத்து எதற்கு என்று கேட்டேன். "பாம்புக்கு," என்றாள். ஊரில் அவளுக்கு 'ஆமிக்காரி' என்று பெயர் வந்தது. எனக்கு 'ஆமிக்காரியின்ர புருசன்' என்று வந்தது. அதுவரை எனக்கு ஊரில் ஒரு பெயரும் இல்லாததால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

என் காலுக்குள் இருக்கும் இரும்பும் எங்கள் வீட்டுக்கு வரும் சம்பளமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை. இரும்பை எடுக்க முடியாது, சம்பளத்தை விட முடியாது. கதைத்து என்ன?

வேலையில் சேர்ந்த சில நாட்களில் அவள் ஒரு படிவம் கொண்டுவந்தாள். மேலே சிங்களம், கீழே தமிழ். தமிழை யாரோ அகராதியைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அவள் குசினி வாசலில் இருந்து சூடை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்க மீன் என்பதால் என்னை நிரப்பச் சொன்னாள். படிப்பு அவளுக்குத்தான் கூட. ஆனால் என் எழுத்து நல்லது. நெல் மூட்டைகளில் பெயர் எழுதிப் பழகிய எழுத்து. நான் ஒவ்வொரு பெட்டியாக வாசித்தேன், அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறாவது பெட்டியில் 'தங்கியிருப்பவர்' என்று இருந்தது.

"தங்கியிருப்பவராம். ஆரை எழுத?"

"நீங்கள் இண்டைக்குத் தங்கிறியளோ?"

"ஓம்."

"அப்ப உங்கட பேரை எழுதுங்கோ."

எழுதினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் பண்ணைக் கந்தோர்க்காரர் படிவத்தைத் திருப்பி அனுப்பினார். கணவன் பெயர் எழுதினால் விவாகப் பதிவுச் சான்றிதழ் வேண்டுமாம். பெயரை வெட்டிவிடலாம் என்றேன். வெட்டினால் புதுப் படிவம் வேண்டும், அதற்குக் கிளிநொச்சிக்குப் போகவேண்டும் என்றாள். பதிவாளர் கந்தோர் கிட்ட. அதனால் நாங்கள் போய்ச் சட்டப்படி கலியாணம் செய்தோம். பதிவாளர், "பொம்பிளை பகுதி சம்மதமோ?" என்று கேட்டார். "கேக்கிறதுக்கு ஆக்கள் இல்லை," என்றாள் அவள். அவர் கையெழுத்து வைக்கப் புத்தகத்தை நீட்டினார்.

ஒரு பெட்டியை நிரப்புவதற்காகச் செய்த அந்தப் பதிவுதான் பிறகு விவாகரத்துக்கு வழிவிட்டது. தறப்பாளுக்குக் கீழே கட்டிய நூலை அறுக்க ஒரு நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்காது.

படிவம் போன சில வாரங்களில் எனக்கு ஓர் அட்டை வந்தது. என் படம், என் பெயர், அவளுடைய இலக்கம், 'தங்கியிருப்பவர்'. பண்ணையின் வைத்தியரிடம் அதைக் காட்டினால் காலுக்கு மருந்து தருவார்கள். வீதியில் யாராவது மறித்து எங்கே வேலை, எங்கே வீடு என்று கேட்டால் நான் அடையாள அட்டையைக் காட்டுவதில்லை. இதைத்தான் காட்டுவேன். உலகத்தில் நான் ஓர் இடத்துக்கு உரிய ஆள் என்று சொன்ன ஒரே கடதாசி அது. அந்த இடத்தில் நான் வருடத்துக்கு மூன்று தரம் நின்றேன்.

ஒருமுறை பண்ணையில் குடும்ப தினம் வைத்தார்கள். எனக்கும் சோற்றுப் பாசல், தொப்பி எல்லாம் தந்தார்கள். சங்கீதக் கதிரைப் போட்டியில் நான்தான் முதல். கால் குத்தியதால் நான் கதிரைகளைச் சுற்றி ஓடாமல் ஒரு கதிரைக்குப் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டு நின்றேன். பாட்டு நிற்கும்போதெல்லாம் அதில் இருந்தேன். பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. ஒரு பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் வாளியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார்.

"ஒரு இடத்தில இருந்ததுக்கு உங்களுக்குப் பரிசு," என்றாள் அவள் வரும் வழியில். "இதை நான் ஆருக்குச் சொல்லி அழ?"

இப்படியே போயிருக்கும். ஆனால் அவள் வீடு கட்ட நினைத்தாள். பண்ணை வேலையைக் காட்டிக் கடன் எடுக்கலாம். காணி அனுமதிப்பத்திரத்தையும் தன் பெயருக்கு மாற்றலாம். எல்லாவற்றுக்கும் கணவனின் கையெழுத்து வேண்டுமாம். கையெழுத்துத் தேவைப்பட்ட நாட்களில் நான் ஒருநாள் மன்னாரில் நின்றேன், ஒருநாள் தம்புள்ளைக்குப் போகும் லொறியில் வத்தகப்பழத்துக்கு மேலே படுத்திருந்தேன், ஒருநாள் தொலைபேசிக்குக் காசு போடாமல் எங்கேயோ நின்றேன். மூன்று தவணை போனது. நான்காவது முறை கந்தோரில் இருந்த அம்மா அவளிடம், "கணவர் காணாமற்போனவரோ, பிள்ளை?" என்று இரக்கமாகக் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அது சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. அதற்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது.

"இல்லை அம்மா. போன மாசமும் வந்து கோழி சாப்பிட்டவர்."

"அப்ப கையெழுத்து வேணும். இல்லாட்டி இறப்புச் சான்றிதழ் வேணும். இல்லாட்டி விவாகரத்துத் தீர்ப்பு வேணும்."

அவள் வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறாள். இதை எனக்கு அவளே சொன்னாள், எந்தக் கோபமும் இல்லாமல்: "செத்தாலும் அலுவல் நடக்கும், விட்டாலும் அலுவல் நடக்கும். நீங்கள் ரெண்டுக்கும் நடுவில நிக்கிறியள். சாகச் சொல்லேலாது. அதுதான் வழக்கைப் போட்டனான்."

நியாயம்தான். ஆனால் அழைப்பாணையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பப் புளியங்குளத்துக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஒன்று விளங்கியது. விவாகரத்து வந்தால் அந்த ஆறாவது பெட்டியிலிருந்து என் பெயர் போகும். அட்டை போகும். அலைந்து திரிபவன் எங்கிருந்தாவது அலையவேண்டும். திரும்பிப் போக ஓர் இடம் இல்லையென்றால் அவன் வெறுமனே வழிதவறியவன். காதல் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தச் சொல்லை நாங்கள் இரண்டு பேரும் பாவித்ததில்லை. எனக்கு அந்தப் பெட்டியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

மெசின் ஓட்டுபவனிடம் கடிதத்தைக் காட்டினேன். அவன் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், விசரா உனக்கு? மனிசிக்கு ஆமிச் சம்பளம். உனக்குக் கால் இல்லாத மாதிரி. நீ போய்த் தாவரிப்புக் கேள்."

"அது என்ன?"

"புருசன் மனிசிக்குக் குடுக்கிறது. இப்ப மனிசி புருசனுக்கும் குடுக்கலாமாம். கேசும் இழுபடும்."

தாவரிப்பு என்றதும் நான் ஏதோ தாவரம் சம்பந்தமானது என்று நினைத்தேன். பண்ணை வேலை என்பதால் பொருத்தமாகவும் இருந்தது. சட்டத்தரணி அம்மாதான் அது தாபரிப்பு என்று திருத்தினார். கேட்டதில் என் மனதில் நின்றது கடைசிச் சொல்தான். இழுபடும். வழக்கு இழுபடும்வரை நானும் புருசனாக இழுபடலாம்.

சட்டத்தரணி அம்மாவுக்கு என்னைக் கண்டதில் சந்தோசம். அவரிடம் வருபவர்கள் எல்லாரும் படையில் இருக்கும் ஆண்களைக் கலியாணம் செய்து கைவிடப்பட்ட பெண்கள். "படைச் சம்பளமெண்டா ஒரு நல்லது. ஓடி ஒளிக்கேலாது. கோர்ட்டுக் கட்டளை போனா அங்கேயே வெட்டி அனுப்புவினம்," என்றார். "ஆனா ஒரு ஆம்பிளை வந்து கேக்கிறது இதுதான் முதல். உங்களிட்ட என்ன அத்தாட்சி இருக்கு?"

அட்டையைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கியிருப்பவர் எண்டு அவாவே எழுதிக் குடுத்திருக்கிறா?"

"எழுதினது நான். கையெழுத்து அவா."

"அது போதும்."

இப்படி வழக்கு இரண்டாகியது. தாபரிப்பு வழக்கில் நான் மனுதாரர். விவாகரத்து வழக்கில் நான் எதிராளி. இரண்டையும் கேட்டது ஒரே நீதிபதி, ஒரே கட்டடம். காலையில் நான் கேட்கும் ஆள், தேத்தண்ணிக்குப் பிறகு நான் கேட்கப்படும் ஆள். தாபரிப்பு வழக்கு முடிந்த பிறகுதான் மற்றதை எடுப்பதாகச் சொன்னார்கள். நான் அவளில் தங்கியிருந்தவன் என்றால், அவளைக் கைவிட்டுப் போனவன் என்பது நிற்காது என்று என் சட்டத்தரணி விளக்கினார். எனக்கு இழுபட்டால் சரி.

தாபரிப்பு வழக்குக்காரர் இருப்பதற்கு ஒரு நீள வாங்கு ஒதுக்கியிருந்தார்கள். அதில் முழுக்கப் பெண்கள். நடுவில் நான். முதல் தவணையில் பக்கத்தில் இருந்த பிள்ளை கேட்டாள்:

"அண்ணை ஆருக்கு வந்தனீங்கள்? மகளுக்கோ?"

"எனக்குத்தான்."

"உங்களுக்கோ? உங்கட ஆள் எந்த முகாம்?"

"பண்ணை."

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அடுத்தவளின் காதில் சொன்னாள். அது வாங்கின் கடைசி வரை போய், அங்கிருந்து ஒரு குரல் வந்தது: "அண்ணை, கேசில வெண்டா எங்களுக்கும் சொல்லுங்கோ. எங்கட ஆக்களிட்ட வாங்கேலாது. உங்கட மனிசியிட்டயாவது வாங்குவம்."

தவணை தவணையாகப் போனது. இதில் ஒரு விசித்திரம் நடந்தது. கலியாணம் செய்த காலத்தில் நாங்கள் இப்படிச் சந்தித்ததில்லை. வழக்கு நடந்த காலத்தில்தான் மாதம் தவறாமல், சொன்ன திகதிக்கு, சொன்ன நேரத்துக்கு நான் வந்தேன். அவள் சீருடையோடு வருவாள், கையில் சோற்றுப் பாசல். ஒன்றுதான் கட்டுவாள், ஆனால் இரண்டு பேருக்குக் காணும். நீதிமன்ற வளவில் இருந்த வேப்பமரத்துக்குக் கீழே இருந்து சாப்பிடுவோம். என் சட்டத்தரணி கண்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்ன செய்யிறியள் ரெண்டு பேரும்? நீதிபதி சன்னலால பாக்கிறவர். தள்ளி இருந்தாவது சாப்பிடுங்கோ!"

நான் வேரின் அந்தப் பக்கம் தள்ளி இருந்தேன். அவள் மரத்தைச் சுற்றிக் கையை நீட்டிப் பொரியலைத் தந்தாள்.

விசாரணைக்குக் குறித்த நாளில் அவள் பாசல் கொண்டுவரவில்லை. நான் வந்து சேர்ந்தபோது வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"இண்டைக்கு என்னைக் கூட்டில ஏத்தி உங்கட லோயர் கேக்கப்போறாவாம், அந்தப் படிவத்தைப் பற்றி."

"கேட்டா சொல்லன்."

"என்னத்தைச் சொல்ல? நீங்கள் என்னில தங்கியிருக்கிறியள் எண்டு சொன்னா மாதம் மாதம் உங்களுக்குச் சம்பளத்தில வெட்டுவினம். விவாகரத்தும் இல்லை, வீடும் இல்லை. தங்கியிருக்கேல்ல எண்டு சொன்னா, நான் படிவத்தில பொய் எழுதிக் குடுத்தனான். பொய்த் தகவல் குடுத்ததெண்டு போன வருசம் ரெண்டு பேரின்ர சீருடையைக் கழட்டி அனுப்பினவங்கள்." தொப்பியைத் திருப்பிப் போட்டாள். "ஓம் எண்டா சம்பளம் போகும். இல்லை எண்டா வேலையே போகும். நல்லாத்தான் யோசிச்சிருக்கிறியள், ஏழாம் வகுப்பு."

நான் அப்படி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எனக்குப் பெருமையாகவாவது இருந்திருக்கும். ஒரு பெட்டிக்குள் இருக்க ஆசைப்பட்டு, அந்தப் பெட்டி இருந்த படிவத்தையே கிழிக்கப் போயிருக்கிறேன் என்பது எனக்கு அந்த மரத்தடியில்தான் தெரிந்தது. அவளுடைய சப்பாத்தைப் பார்த்தேன். பாம்புக்காகப் போட்டது.

நீதிமன்ற முதலியார் என் பெயரைக் கூப்பிட்டார். நான் சாட்சிக் கூட்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். சட்டத்தரணி அம்மா படிவத்தின் பிரதியையும் அட்டையையும் வாளியோடு எடுத்த படத்தையும் கொடுத்தார். நீதிபதி படத்தைக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார்.

"நீர் உம்முடைய மனைவியில் தங்கியிருக்கிறீரா?"

சட்டத்தரணி எனக்குச் சொல்லித் தந்திருந்தது ஒரே சொல். ஓம். நான் வாயைத் திறந்தேன். பயம் வந்தால் எனக்கு என் தாயின் மலைநாட்டுத் தமிழ்தான் வரும்.

"இல்லீங்க ஐயா. நான் எங்கயுமே தங்குனதில்லீங்க."

வாங்கில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். முதலியார் அதட்டினார். சட்டத்தரணி அம்மா எழுந்து, மனுதாரர் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டார் என்றார். அவர் சொன்னது சரி. அந்த நிமிடம் வரை நான் அந்தச் சொல்லை அப்படித்தான் விளங்கியிருந்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "எங்கே தங்குகிறீர் என்று நான் கேட்கவில்லை. தங்கியிருப்பவர் என்றால் இன்னொருவருடைய உழைப்பில் வாழ்பவர். அதைத்தான் படிவத்திலும் கேட்டிருக்கிறார்கள். நீர் அவருடைய உழைப்பில் வாழ்ந்தீரா?"

அப்போதுதான் அந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒரு வாசலால் போனால் அவளுக்கு வேலை போகும், இல்லாவிட்டால் சம்பளம் போகும். மற்ற வாசலில் ஒரு சூடை மீன் சட்டி இருந்தது.

"ஐயா, அந்தப் படிவத்தை நிரப்பினது நான். அவங்க மீன் வெட்டிக்கிட்டு இருந்தாங்க. தங்கியிருப்பவர் யாருன்னு இருக்கு, யாரை எழுதன்னு கேட்டேன். இண்டைக்குத் தங்கிறியளோன்னு கேட்டாங்க. ஓம்னு சொன்னேன். அப்ப உங்கட பேரை எழுதுங்கோன்னாங்க. எழுதினேன். நாங்க ரெண்டு பேரும் அன்னைக்கு ராத்திரி வீட்டில தங்குறவரைத்தான் கேட்கிறாங்கன்னு நினைச்சோம். அதில பொய் இல்லீங்க. அன்னைக்கு நான் தங்கினேன்."

வாங்கு முழுக்கச் சிரித்தது. முதலியார் அதட்ட எழும்பினார், ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். என் சட்டத்தரணி பேனையை மூடும் சத்தம் எனக்குக் கேட்டது.

நீதிபதி அவளைப் பார்த்துக் கேட்டார்: "அப்படியா நடந்தது?"

அவள் எழுந்து பண்ணையில் நிற்பதுபோல் நேராக நின்றாள். "ஓம் ஐயா. சூடை மீன்."

"மீன் தேவையில்லை."

"அவர் அண்டைக்குத் தங்கினவர், ஐயா. அடுத்த நாள் விடியப் போனவர்."

"உமது உழைப்பில் வாழ்ந்தாரா?"

"வரேக்க ஒரு பழமெண்டாலும் கொண்டு வருவார். ஒருக்கா ஒரு முழு வத்தகப்பழம். என்னிட்டக் காசு கேட்டதில்லை." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேக்கிறதுக்கு நிக்கவேணுமே," என்றாள்.

நீதிபதி எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் இந்த மனுவை ஏன் போட்டீர்?"

இழுபடட்டும் என்றுதான் போட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். சட்டத்தரணி அம்மா வேண்டாம் என்று தலையை மெதுவாக ஆட்டினார். நான் வேறொரு உண்மையைச் சொன்னேன்: "தவணைக்குத் தவணை வரலாமுங்க ஐயா. அவங்களும் வருவாங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

என் மனு தள்ளுபடியானது. படிவம், எழுதியவரின் அறியாமையால் பிழையாக நிரப்பப்பட்டது என்று தீர்ப்பில் எழுதினார்கள். அந்தப் பிரதியை அவள் பண்ணைக் கந்தோரில் கொடுத்தாள். விசாரணை இல்லை. சீருடை அவளிடமே இருந்தது. அரைகுறைப் படிப்பால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மையை இப்படி அவளுக்குக் கொடுத்தேன். ஏழாம் வகுப்போடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. பத்தாம் வகுப்பு வரை போயிருந்தால் அந்தச் சொல் தெரிந்திருக்கும்.

தேத்தண்ணிக்குப் பிறகு மற்ற வழக்கு. அதற்குச் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. நான் எங்கேயுமே தங்கியதில்லை என்று நானே காலையில் சத்தியம் செய்து சொல்லியிருந்தேன். அவளுடைய சட்டத்தரணி அதை ஒருமுறை வாசித்துவிட்டு அமர்ந்துவிட்டார். அவ்வளவு வேகமாக ஒரு விவாகரத்து வழக்கு முடிந்ததைத் தான் பார்த்ததில்லை என்று முதலியார் சொன்னார். மூன்று மாதம் பொறுத்தால் தீர்ப்பு முழுதாகும்.

வெளியே வந்தபோது வாங்கில் இருந்தவர்களில் ஒருத்தி, "அண்ணை, வெண்ட மாதிரித் தெரியேல்லயே," என்றாள். "தோத்த மாதிரியும் தெரியேல்ல," என்றாள் மற்றவள்.

பதிவகத்தில் ஓர் இளைஞர், தீர்ப்பின் பிரதியை அனுப்ப முகவரி கேட்டார். எனக்குத் தெரிந்த முகவரி ஒன்றுதான். அதையே சொன்னேன். அவர் எழுதிவிட்டு, வழக்காளியின் முகவரியைப் பார்த்துவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார். "ஓம், அதேதான்," என்றேன்.

மூன்று மாதம் கழிய, நான் வெங்காயத் தோட்டம் ஒன்றில் நின்றபோது தொலைபேசி வந்தது.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கொரு கடதாசி வந்திருக்கு."

இந்த முறை யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

போனபோது வீட்டுக்குப் பக்கத்தில் அத்திவாரம் வெட்டியிருந்தது. கடன் கிடைத்துவிட்டது. வெட்டிய மண் முற்றத்தில் குவிந்து கிடந்தது. தூரத்தில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் காலுக்கு அது முதல் நாளே தெரியும். நான் கொண்டுபோன பப்பாசியைப் பார்த்து அவள் சிரித்தாள். "பண்ணையில நான் இதைத்தானே நாள் முழுக்கப் பாக்கிறன்."

அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். கந்தோரில் அதைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள். அவள் அதற்குப் பக்கத்தில் ஒரு புதுப் படிவத்தை வைத்தாள்.

"என்ர கையில மா. நீங்களே நிரப்புங்கோ. உங்கட எழுத்துத்தான் அவையளுக்குப் பழக்கம்."

குசினிக்குள் அவள் பிட்டுக்கு மாக் குழைக்கும் சத்தம் கேட்டது. நான் ஒவ்வொரு பெட்டியாக நிரப்பினேன். பெயர், பிறந்த திகதி, இலக்கம். விவாகமானவரா என்ற இடத்தில் அவளைக் கேட்காமலே எழுதினேன். ஆறாவது பெட்டிக்கு வந்தபோது பேனை நின்றது.

"இஞ்ச சொல்லை மாத்திப் போட்டாங்கள். இப்ப 'தங்கி வாழ்பவர்' எண்டு கிடக்கு."

"எங்கட கதை அவ்வளவு தூரம் போட்டுது போல," என்றாள். "தங்கி வாழ்றவர் எண்டா, தங்கவும் வேணும், வாழவும் வேணும். நீங்கள் ரெண்டும் செய்யேல்லயே."

"அப்ப ஆரை எழுத?"

முதல் மழைத்துளிகள் தகரத்தில் விழுந்தன. அத்திவாரம் நனையாமல் மேலே படங்கு விரித்துப் போடவேண்டும் என்று அவள் சொன்னாள். போய்ப் போட்டுவிட்டு வந்தேன். படிவம் அப்படியே இருந்தது. மூட்டைகளில் எழுதும் அதே பெரிய எழுத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பெட்டி முழுவதையும் அந்தச் சொல் நிரப்பியது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாசித்துப் பார்த்தாள். கையெழுத்து வைத்தாள். பிறகு வெளியே மழையைப் பார்த்தாள், சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு. பிட்டு அவியட்டும், சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சாப்பிட்டேன். பஸ் நேரத்துக்கு வந்தது.